ஸ்டீராய்டு மாத்திரையைப் பாதியில் நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் கொஞ்ச நாளைக்கு முன் ஸ்டீராய்டு மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. முகம் வெளுக்கும் என்று விற்கிற கிரீம்களிலும், மூட்டுவலிக்கு என்று ஊர் ஊராகக் கொண்டுவந்து விற்கிற பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை எடுத்துச் சொன்ன நல்ல கட்டுரை. அதில் இருந்த எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் டாக்டர் எழுதிக்கொடுத்து மாதக்கணக்கில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்ற ஒரு வரி அதில் இல்லை. அதைச் சேர்த்து இன்னொரு முறை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். மனிதர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் வளர்க்கிற பிராணிகளுக்கும் அந்த வரி உயிர் சம்பந்தப்பட்டது.

கட்டுரை வந்த அன்றே பக்கத்து வீட்டு அக்கா பேப்பரை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். "பாத்தியா, நீ மல்லிக்குக் குடுக்குற மாத்திரைதான் இது. போதும், நிப்பாட்டு" என்றார். சாயங்காலம் மதுரையிலிருந்து என் நாத்தனார் போனில் அதையே சொன்னார். அவர்கள் எல்லாரும் மல்லி மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது. பிரியத்தில் சொல்லப்படும் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்துகிற வீடுகள் நிறைய இருக்கும்.

மல்லி எங்கள் வீட்டு நாய். எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய ராஜபாளையம் இனம்தான். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. போன ஆடி மாதம் அவள் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். ஒருநாள் காலையில் முற்றத்தில் அவள் போன சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. வெள்ளை நாய் என்பதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது: மூக்கும் காதின் உட்புறமும் வெளிர் மஞ்சளாக மாறியிருந்தன. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்து, மஞ்சள் பூத்துக் கிடந்தது.

நம் பக்கத்தில் நாய்க்கு ரத்தம் குறைந்தால் முதலில் உண்ணிக் காய்ச்சலைத்தான் சந்தேகப்பட வேண்டும். உண்ணி கடித்து ஏறும் கிருமிகளும் ரத்தத்தைக் கெடுக்கும். எங்கள் ஊர் டாக்டர் அதற்கான சோதனையையும் செய்து, திருநெல்வேலி இராமையன்பட்டியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். சங்கரன்கோவில் வழியாகக் காரில் போனோம். அங்கே ஒரு டாக்டர் மல்லியின் ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, அதோடு சலைன் சேர்த்து மெல்ல ஆட்டிக் காட்டினார். ரத்தம் கலையவில்லை. ரவை போல மணிமணியாகத் திரண்டு நின்றது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சிவப்பணுக்களையே வெளியாள் என்று எண்ணி அழித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் அணுக்கள் இப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று விளக்கினார். ஆட்டோ இம்யூன் நோய் என்கிறார்களே, அதில் ஒன்று. ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பி.சி.வி. சோதனையில் நல்ல நாய்க்கு ஏறக்குறைய 37 முதல் 55 வரை இருக்க வேண்டும். மல்லிக்கு 14 இருந்தது.

தெரிந்தவர் வீட்டு நாய் ஒன்று ரத்தம் கொடுத்தது. பொருந்துகிறதா என்று பார்த்து ஏற்றினார்கள். ஆனால் ஏற்றின ரத்தத்தையும் உடம்பு அழிக்கத்தான் பார்க்கும். அந்த அழிவை நிறுத்த மருந்து வேண்டும். அந்த மருந்துதான் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்க இன்னொரு மாத்திரை, ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க ஒரு மாத்திரை, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒன்று. இந்த நோயில் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து நாய்கள் சாவது அதிகமாம். அதனால் அந்த மூன்றாவது மாத்திரையையும் சும்மா நினைக்கக் கூடாது.

மல்லிக்கு 24 கிலோ எடை. பிரெட்னிசோலோன் காலையில் 40 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருந்தார். சீட்டைப் பார்த்த மெடிக்கல் கடைக்காரத் தம்பி, "அக்கா, பெரிய ஆளுக்கே இவ்வளவு குடுக்க யோசிப்பாங்க, நாய்க்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த மாதிரி நோயில் நாய்க்கு எடைக்கு ஏற்ற அளவு மனிதர்களைவிடக் கூடுதலாக, கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை போகும். இதைத் தெரியாமல் கடையிலேயோ வீட்டிலேயோ யாராவது இரக்கப்பட்டுப் பாதியாகக் குறைத்துவிட்டால் மருந்து வேலையும் செய்யாது, பக்கவிளைவு மட்டும் மிஞ்சும். நான் அளவை எழுதியது யாரும் பார்த்துத் தாங்களாகக் கொடுப்பதற்கு அல்ல. டாக்டர் எழுதிய அளவு பெரிதாகத் தெரிந்தால் அவரிடமே கேளுங்கள் என்பதற்காக.

மருந்து தொடங்கிய பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்று யாரும் விரிவாகச் சொல்வதில்லை. டாக்டருக்கு நேரம் இருப்பதில்லை. வெளியே அடுத்த கன்றுக்குட்டியும் ஆடும் காத்திருக்கும். அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். மல்லி சட்டி சட்டியாகக் குடித்தாள். நான் லிட்டர் அளவு போட்ட ஜக்கில் அளந்து ஊற்றினேன். அந்த எடை நாய் ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் குடிப்பது வழக்கம். மல்லி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் குடித்தாள். குடித்த தண்ணீர் வெளியே வரத்தானே வேண்டும்? குட்டியாக வந்த நாளிலிருந்தே வீட்டுக்குள் ஒரு சொட்டு போகாத நாய், நடுக்கூடத்தில் நின்றபடி போய்விட்டு என்னைப் பார்த்துத் தலையைத் தொங்கப்போட்டாள். அவளைத் திட்ட யாருக்கும் மனம் வரக் கூடாது. அது பழக்கம் கெட்டதல்ல, மருந்தின் வேலை. சிலர் இரவில் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைத்துவிடச் சொல்வார்கள். அதை மட்டும் செய்யவே கூடாது. உடம்பு நீரைப் பிடித்து வைக்க முடியாமல் வெளியேற்றுகிறது. குடிக்கவும் விடாவிட்டால் வறண்டு போகும். பழைய லுங்கிகளையும் கிழிந்த போர்வைகளையும் மடித்து அவள் படுக்கிற இடத்தில் போட்டோம். நான் தூங்கப்போகும் முன் ஒருமுறை வெளியே விடுவேன். என் வீட்டுக்காரர் நூல் மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போவார். நடுச்சாமத்தில் ஒருமுறை என் மகன் அலாரம் வைத்து எழுந்தான். வீட்டில் ஒருவர் மட்டும் இதைத் தூக்கிச் சுமந்தால் ஒரு மாதத்தில் அலுத்துப்போவார். அலுப்பில்தான் மாத்திரையை நிறுத்தத் தோன்றும். ஆகவே முதல் நாளே வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பசி. இதைப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. சாப்பிட்டு முடித்த தட்டை நக்கி நக்கிக் கூடம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போவாள். இட்லி மாவுப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளித் தின்றாள். குப்பைக் கூடையில் போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றாள். அடுப்படி வாசலில் உட்கார்ந்து அவள் பார்க்கிற பார்வையில் எவருக்கும் கை நீளும். ஆனால் கேட்கிற அளவுக்குப் போட்டால் எடை ஏறும். ஏற்கெனவே மருந்தால் தளர்ந்த கால்கள் அதைத் தாங்காது. எண்ணெய்ப் பலகாரம் கணையத்தைக் கெடுக்கும். ஒரு நாள் சோற்றை நாலாகப் பிரித்துக் கொடுத்தோம். இடையில் வேகவைத்த சுரைக்காய், பூசணி, கேரட் உப்பில்லாமல். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், எடையும் ஏறாது. தீபாவளிக்கு வந்தவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிட்டேன், முறுக்கு, அதிரசம் எதையும் இவளுக்குப் போடாதீர்கள் என்று. என் மாமியார் தன் நாற்காலியை அடுப்படி வாசலுக்கு மாற்றிக் கொண்டார். ஒருவர் கையும் மல்லி பக்கம் போகவில்லை.

வெங்காயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நாய்க்குச் சாம்பார் சோறும் கறிக்குழம்புச் சோறும் போடுகிறோம். வெங்காயமும் பூண்டும், பச்சையாக இருந்தாலும் வேகவைத்தாலும், நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். நல்ல நாய்க்கே ஆகாது. ரத்தம் அழிகிற நோய் உள்ள நாய்க்குச் சின்ன வெங்காயச் சாம்பார் ஊற்றுவது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவதுதான். ரத்தம் ஊறட்டும் என்று சொல்லி ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டுவந்தார்கள்: சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல், ஈரல், பேரீச்சை, மெடிக்கலில் விற்கும் இரும்புச்சத்து டானிக். இந்த நோயில் ரத்தம் வெளியே சிந்திப் போகவில்லை. அழிகிற அணுக்களில் இருக்கும் இரும்பு பெரும்பாலும் உடம்புக்குள்ளேயேதான் கிடக்கிறது. அதனால் டாக்டர் சொல்லாமல் டானிக் தேவையில்லை.

சில வாரங்களில் உருவமே மாறிவிடும். வயிறு சரிந்து தொங்கியது. தலையில் இரு பக்கமும் சதை வற்றி மண்டை எலும்பு தெரிந்தது. தொடை மெலிந்தது. தெருவில் போகிறவர்கள் "குட்டி போடப் போகுதா?" என்று கேட்டார்கள். நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். அளவு நாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் வயிற்றுச் சுற்றளவை எடுத்துத் தையல் நோட்டில் எழுதினேன். எடை பார்க்கத் தெருமுனைப் பழைய பேப்பர் கடையின் தராசில் ஏற்றினோம். கடைக்கார அண்ணன் காசு வாங்கவே இல்லை. எடை கூடாமல் வயிறு மட்டும் பெருத்தால் அது சதை வற்றி வயிறு தளர்வது என்று டாக்டருக்கு அந்த நோட்டைப் பார்த்தே புரிந்தது. மாடிப்படி ஏறுவதை நிறுத்தி, வாசல்படிக்குப் பலகையைச் சரித்து வைத்து அதன் மேல் சாக்கு விரித்தோம். வழுக்கும் டைல்ஸ் தரையிலும் சாக்குதான். படுத்தே கிடந்தால் சதை இன்னும் வற்றும் என்பதால் வெயில் ஏறும் முன் மெதுவாகக் கொஞ்சதூரம் நடத்திக் கூட்டி வருவோம்.

நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதும் உண்டு. ஓடாமல் ஆடாமல் படுத்திருக்கும்போதே இளைக்கும். மின்விசிறிக்குக் கீழே ஈரத்துணி விரித்தால் அடங்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்தினால் வரும் இளைப்பில் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். ஈறு வெளுத்து இளைத்தால், அல்லது திடீரென்று மூச்சுத் திணறினால் அது வேறு. அன்றைக்கே, அந்த மணியே டாக்டரிடம் ஓட வேண்டும். அதனால் தினமும் காலையில் மாத்திரை கொடுக்கும் முன் வாசல் வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. டியூப்லைட் வெளிச்சத்தில் மஞ்சள் சரியாகத் தெரியாது.

மலத்தைப் பார்ப்பதும் அப்படித்தான். தாரைப் போலக் கறுத்துப் போனால் வயிற்றிலோ குடலிலோ புண்ணாகி ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். மாத்திரையை எப்போதும் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். நாய் நொண்டுகிறது, முனகுகிறது என்று வீட்டில் கிடக்கிற வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. மனிதர்களுக்கான வலி மாத்திரைகள் பல நாய்க்கு ஆகாதவை. ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிறு ஓட்டையாகிற அளவுக்குப் போகும். இன்னொரு டாக்டரிடம் எதற்காகப் போனாலும், "இவள் ஸ்டீராய்டில் இருக்கிறாள்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். தடுப்பூசிக் காலம் வந்தால் எதைப் போடலாம், எப்போது போடலாம் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

கிருமித்தொற்று சத்தமில்லாமல் வரும். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிறோம். காய்ச்சல்கூட வெளியே தெரியாது. மல்லிக்கு ஒருமுறை சிறுநீரில் நாற்றம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போனாள். எப்படியும் அடிக்கடி போகிற நாய்தானே என்று விடாமல் என் மகன் அதைக் கவனித்துச் சொன்னான். சோதித்ததில் தொற்று இருந்தது, மருந்து கொடுத்ததும் சரியாயிற்று. காது, விரலிடுக்கு, அடிவயிற்றுத் தோல் மூன்றையும் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உண்ணி ஒன்றுகூட ஏறக் கூடாது.

இத்தனையும் எழுதியதைப் படித்தால், இப்படி ஒரு மருந்தை ஏன் கொடுக்க வேண்டும் என்று தோன்றலாம். நான் சொல்கிறேன்: மூன்றாவது வாரம் மல்லியின் பி.சி.வி. 30-ஐத் தாண்டியது. மூக்கு மறுபடி சிவந்தது. தெருவில் பால்காரர் சைக்கிள் மணி கேட்டதும் எழுந்து குரைத்தாள். இந்த மருந்து இல்லாவிட்டால் அவள் இல்லை. கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை மூட்டுவாத நோயாளிக்கு முதலில் கொடுத்துப் பார்த்தது 1948-ல். அந்த ஆராய்ச்சிக்கு 1950-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை கோடி உயிர்கள் இதனால் பிழைத்திருக்கும்! கிரீமில் திருட்டுத்தனமாகக் கலப்பவர்கள் செய்கிற பாவத்துக்கு இந்த மருந்தையே விஷம் என்று சொல்வது சரியில்லை.

சரி, நிறுத்துவதற்கு வருகிறேன். மனிதர்களுக்கும் நாய் போன்ற பிராணிகளுக்கும் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் அட்ரீனல் என்று இரண்டு சின்னச் சுரப்பிகள் உண்டு. உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டை அவைதான் தினமும் சுரக்கின்றன. வெளியிலிருந்து மாத்திரையாக வந்துகொண்டே இருந்தால் அவை வேலையைக் குறைத்துச் சுருங்கிவிடும். மாதக்கணக்கில் அப்படி இருந்த சுரப்பி, மாத்திரை நின்ற மறுநாளே விழித்துக்கொள்ளாது. உள்ளேயும் இல்லை, வெளியிலிருந்தும் இல்லை என்றால் ரத்த அழுத்தம் இறங்கும், வாந்தி எடுக்கும், நிற்க முடியாமல் விழும். நோயும் திரும்பி வரும். திரும்பி வரும்போது முதல் தடவை கேட்ட மாதிரி மருந்துக்குக் கேட்கும் என்று நிச்சயம் இல்லை.

எங்கள் பகுதியிலேயே ஒரு லேப்ரடார் நாய்க்கு இது நடந்தது. மூக்கிலும் பாதத்திலும் பொருக்குத் தட்டி உதிர்கிற வேறொரு ஆட்டோ இம்யூன் நோய் அதற்கு. மாத்திரையில் தோல் சுத்தமாகிவிட்டது. லீவில் வந்த உறவினர் ஒருவர், "அதான் நல்லாயிருச்சே, இன்னும் எதுக்கு ஸ்டீராய்டைக் குடுத்து ஈரலைக் கெடுக்குறீங்க?" என்று சொல்ல, ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். அந்த வாரமே நாய் சோறு தொடவில்லை, வாந்தி எடுத்தது, பின்னங்கால் மடங்கி விழுந்தது. சலைன் ஏற்றி, ஸ்டீராய்டு ஊசி போட்டுத்தான் எழுப்பினார்கள். அந்த வீட்டம்மா என்னிடம் அழுதுகொண்டே சொன்னார், "நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சோம்" என்று. அவரிடம் ஒரு குற்றமும் இல்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று எழுதிய ஒரு காகிதம் அவர் கையில் இருந்திருந்தால் உறவினரிடம் அதைக் காட்டியிருப்பார்.

எங்களுக்கு டாக்டர் சொன்ன முறை இது: ரத்த அளவு நிலையாக நின்ற பிறகு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை சோதித்து, நன்றாக இருந்தால் அளவில் ஏறக்குறைய கால் பங்கைக் குறைப்பது. 40 என்பது 30 ஆனது. அப்புறம் 20. கார்த்திகை வாக்கில் 15. ஒரு படி இறங்கியதும் அடுத்த சோதனை வரை மனசு அடித்துக்கொள்ளும். பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரில், பால் பாக்கெட் எண்ணிக்கைக்குக் கீழே அன்றைய மாத்திரை அளவைச் சிவப்பு மையில் எழுதிவைத்தேன். கொடுத்தவர் பக்கத்தில் டிக் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நீ கொடுத்தாய் என்று நானும், நான் கொடுத்தேன் என்று நீயும் இருந்துவிடுவோம். அல்லது இரண்டு பேரும் கொடுத்துவிடுவோம். பங்குனியில் 5 மில்லிகிராமுக்கு வந்து, இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிறோம். தண்ணீர் குடிப்பது பழைய அளவுக்கு வந்துவிட்டது. தலையில் சதை பிடித்திருக்கிறது. முதுகில் உதிர்ந்த இடத்தில் முடி முளைக்கிறது. மாத்திரை முழுவதுமாக நின்ற பின்கூட, பல மாதங்கள் அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார் டாக்டர். பார்ப்போம்.

பிரிட்டனில் நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடும் நோயாளிகளுக்கு ஓர் அட்டை கொடுக்கிறார்கள். 'இதை நான் திடீரென நிறுத்தக் கூடாது' என்று அதில் இருக்கும். நம் கால்நடை மருத்துவமனைகளிலும் அப்படித் தமிழில் அச்சடித்த ஒரு தாள் கொடுத்தால் என்ன? மேலே நான் இத்தனை பக்கம் எழுதியதை ஒரு பக்கத்தில் அடக்கிவிடலாம்: மருந்தின் பெயர், இன்றைய அளவு, அடுத்த குறைப்புத் தேதி, தண்ணீரை நிறுத்தாதே, வெங்காயம் போடாதே, வலி மாத்திரை கொடுக்காதே, இன்ன இன்ன அறிகுறி வந்தால் உடனே வா. தனியார் கிளினிக் நடத்துகிற டாக்டர்களும் இதைச் செய்யலாம்; ஒரு தாள் ஜெராக்ஸ் எடுக்க என்ன செலவாகிவிடும்?

"நாய்க்குப் போய் இவ்வளவு செலவா?" என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு விவரம். பிரெட்னிசோலோன் மலிவான மாத்திரை. அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இருப்பது. எங்கள் பணம் போனது மாத்திரையில் அல்ல, கார் வாடகையிலும் ரத்தச் சோதனையிலும்தான். பி.சி.வி. பார்க்கப் பெரிய லேப் வேண்டியதில்லை. ஊசி போன்ற மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து, ஒரு சின்ன இயந்திரத்தில் ஐந்து நிமிடம் சுற்றினால் சிவப்பணு அடியில் படியும். அளவுகோலில் வைத்துப் படிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு தாலுகாவிலும் அரசுக் கால்நடை மருத்துவமனையில் அந்த இயந்திரமும் அதை இயக்க ஒருவரும் எல்லா நாளும் இருக்கும்படி கால்நடை பராமரிப்புத் துறை செய்தால், கூலி வேலைக்குப் போகிறவர்களும் இந்த வைத்தியத்தை முழுதாக முடிக்க முடியும். அது நாய்களுக்கு மட்டும் பயன்படுகிற இயந்திரமும் இல்லை. எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் செம்மறி ஆடுகள் வயிற்றுப் புழுவால் ரத்தம் குறைந்து தாடை வீங்கிச் சாகின்றன. கலப்பினப் பசுக்களுக்கு உண்ணியால் வரும் காய்ச்சலிலும் ரத்தம் இறங்குகிறது. அந்த ஆட்டுக்கும் மாட்டுக்கும் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று வந்த இடத்திலேயே பார்த்துச் சொல்ல அதே குழாயும் அதே ஐந்து நிமிடமும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராஜபாளையம்.